தளபதியம்மாவின் தலைக்கவசம்

தொலைக்காட்சிக்காரன் மைக்கை நீட்டியபோது கமென் வாயை மூடிக்கொண்டிருந்தால் இத்தனை வம்பும் வந்திருக்காது. ஆனால் வாரக்கணக்கில் மழையிலும் சேற்றிலும் முட்டி போட்டுத் தோண்டிய தொல்லியலாளன் அவன். மண்ணுக்குள்ளிருந்து ஒரு ரோமானியத் தலைக்கவசத்தின் பச்சை விளிம்பு எட்டிப் பார்த்துவிட்டால், யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருப்பான். கேட்டார்கள். "ரோமாபுரிப் படையில் பணியாற்றிய நம் மண்ணின் பழைய திரேசிய இனத்துத் தளபதி ஒருவரின் கல்லறை இது" என்று கமென் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தான். மாலைச் செய்தியில் ஊரே பார்த்தது. கோர்னோ போலே நகராட்சித் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் எல்லைப் பலகையில் தக்காளிப் படம் இருந்த இடத்தில் தலைக்கவசத்தை வரையச் சொல்லிவிட்டார்.

எலும்புகளைப் பரிசோதித்த பெண் தலைநகர் சோஃபியாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தது அதற்குப் பிறகுதான்.

"கமென், உக்காந்துட்டியா? உன் தளபதி பொம்பளை."

"என்னது?"

"பொம்பளைன்னு சொல்றேன். அறுபது தாண்டினவ. ரெண்டு முழங்காலும் தேஞ்சு போயிருக்கு. வாயில நாலு பல்லு. ஆளும் ரொம்பக் குட்டை. குதிரை மேல உக்காந்த எலும்பு இல்லப்பா இது. காலம் பூரா மண்டி போட்டு மாவரைச்ச எலும்பு."

செய்தி எப்படிக் கசிந்ததோ, மறுநாள் காலையில் காப்பிக்கடையில் நுழைந்தபோதே எல்லார் முகத்திலும் சிரிப்பு தெரிந்தது. "என்ன கமென், தளபதியம்மா சௌக்கியமா?" என்றான் ஒருவன். "பல்லே இல்லாம எப்படிக் கட்டளை போட்டாங்களாம்?" என்றான் இன்னொருவன். கமெனும் சேர்ந்து சிரித்தான். வேறென்ன செய்வது? காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

ஊர்க் கேலியைத் துடைத்துப் போட்டுவிடலாம். பேராசிரியை எவ்தோகியாவை அப்படித் துடைக்க முடியாது. தோண்டும் காலம் முடிந்ததும் தலைநகரிலிருந்து ஒரு குழு வரும். தோண்டியவன் தன் வரைபடம், புகைப்படம், கிடைத்த பொருள் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு மாணவனைப் போல நிற்க வேண்டும். குழு ஏற்றுக்கொண்டால் அடுத்த ஆண்டும் மண்வெட்டியைத் தொடலாம். இந்த ஆண்டு குழுத் தலைவி எவ்தோகியா. எது எந்தக் காலத்து மண் என்று பார்க்கக் கமெனுக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். கற்றுக்கொடுத்ததை மறந்தவனை அவள் மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை.

அவளும் தொலைபேசியில் வந்தாள்.

"திருட்டுக் குழி ஒண்ணு இருக்குன்னு வரைபடத்துல போட்டிருக்கியே, அது கல்லறையிலிருந்து எவ்வளவு தூரம்?"

"ரெண்டு மீட்டர், மேடம்."

"ரெண்டு மீட்டர். புதையல் திருடனுங்க பக்கத்துல ஒரு ராணுவத்தான் கல்லறையைக் கலைச்சிருக்கானுங்க. அந்தத் தலைக்கவசம் சரிஞ்சு வந்து கிழவி மேல உக்காந்திருக்கு. நீ ரெண்டு காலத்து மண்ணை ஒரே மண்ணா வாரியிருக்கே. சரியா?"

"இல்ல மேடம். ரெண்டும் ஒண்ணாத்தான் கிடந்தது."

"அதை என்கிட்ட சொல்லாதே. காட்டு."

அவள் வைத்துவிட்டாள். அனுமதி போனால் போகட்டும், வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் "மண்ணைப் பார்க்கத் தெரியாதவன்" என்று ஒருமுறை எழுதிவிட்டால், இருபது ஆண்டுகளாக அவன் தோண்டிய ஒவ்வொரு குழியையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உள்ளே அரித்தது. கவசத்தை எடுத்த அன்று கொட்டுகிற மழை. குழிமேல் பிடித்திருந்த தார்ப்பாய் கிழிந்து தண்ணீர் உள்ளே வழிந்தது. அவசர அவசரமாக மண்ணோடு சேர்த்துக் கட்டியாக வெட்டி, சாந்து பூசித் தூக்கினார்கள். அப்போது சுற்றியிருந்த மண்ணின் நிறம் மாறுகிறதா என்று அவன் பார்த்தானா? பார்த்தேன் என்றுதான் எழுதியிருந்தான். உண்மையில், பச்சை உலோகத்தைப் பார்த்த கண் மண்ணை எங்கே பார்த்தது? அவனுக்கே அவன்மேல் நம்பிக்கை இல்லை.

அந்த மண்கட்டி அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் நெவெனாவின் மேசைமேல் இருந்தது. பழைய உலோகங்களைச் சுத்தம் செய்து காப்பாற்றுவது அவள் வேலை. சுத்தம் செய்யாமல் விடுவதுதான் உண்மையான வேலை என்பது அவள் கொள்கை. இயக்குநர் ஸ்வெட்லின் நாளுக்கு ஒருமுறை இறங்கி வந்து, "கண்காட்சித் திறப்பு விழாவுக்குப் பளபளன்னு மின்னணும், முகம் தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் நெவெனா விளக்கைச் சின்னதாக்கிக்கொண்டு மறுபடி ஊசியும் தூரிகையுமாகக் குனிந்துகொள்வாள்.

ஒரு நாள் அவளே கமெனை அழைத்தாள்.

"வா. தும்மாதே. எதையும் தொடாதே. இதுல கண்ணை வச்சுப் பாரு."

உருப்பெருக்கியில் கமென் பார்த்தான். பச்சைக் களிம்பின்மேல் குறுக்கும் நெடுக்குமாக இழைகள். துணி! செம்பின் களிம்பு ஊறி ஊறி அந்தத் துணியைக் கல்லாக்கி வைத்திருந்தது.

"உள்ளே வச்சுத் தைச்ச மெத்தைத் துணியா?" என்றான்.

"வெளியே. மேல, கீழ, சுத்திலும். இதோ பாரு மடிப்பு. இங்க முடிச்சு. யாரோ கவசத்தைக் கவுத்துப் பிடிச்சு, உள்ளே எதையோ நிரப்பி, துணியில கட்டியிருக்காங்க. ஸ்வெட்லின் சொன்ன மாதிரி நான் தேய்ச்சிருந்தா இது மூணு நாள்ல போயிருக்கும்."

"உள்ளே என்ன?"

"அதைப் பார்க்கத்தான் வண்டியைக் கொண்டாந்து நிறுத்துன்னு சொல்லப் போறேன்."

மருத்துவமனை எக்ஸ்ரே அறையில் மதிய உணவு வேளையில் ஆளில்லாத நேரம் பார்த்து நுழைந்தார்கள். நோயாளியின் வயது என்ன என்று கேட்டார் அங்கிருந்த பணியாளர். ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி என்றாள் நெவெனா. படம் திரையில் வந்தது. கவசத்துக்குள் சின்னச் சின்ன இரும்பு ஆணிகள் இரண்டு வரிசையாக, பாதத்தின் வடிவத்தில் வளைந்து கிடந்தன. படைவீரனின் செருப்பு ஒரு ஜோடி, அடியோடு அடி சேர்த்து மடித்து வைத்தது. தோல் மட்கிப் போயிருந்தது, ஆணிகள் இடம் மாறவில்லை. அவற்றுக்கு நடுவே உருண்டையாக எதுவோ ஒரு கைப்பிடி அளவு. வால்நட் என்று பிற்பாடு தெரிந்தது. கவசத்தின் பின்கழுத்துத் தகட்டில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகளும் தெரிந்தன. கமென் எழுத்துக் கூட்டிப் படித்தான். 'திசாலாவுடையது.' திரேசியப் பெயர். ஆண் பெயர்.

"செருப்பு கிழவியோடதா?" என்றாள் நெவெனா.

"அவ காலுக்கு இது படகு. ஏதோ ஒரு நெட்டைப் பயலோடது."

"அப்போ இன்னொருத்தன் கவசம், இன்னொருத்தன் செருப்பு. துணியில கட்டி, கிழவியோட வலது கைக்கும் விலாவுக்கும் நடுவுல. எதுக்கு?"

தளபதி போனான். தளபதியம்மாவும் போனாள். மிஞ்சியது ஒரு மூட்டை.

அந்த வாரக் கடைசியில் அடுத்த வீட்டு ஸ்தாங்கா இறந்துபோனாள். கமெனின் அம்மா ராத்காவுக்கு நாற்பது ஆண்டுத் தோழி. நாற்பது ஆண்டு எதிரியும்கூட, வேலியோரத்து ப்ளம் மரம் யாருடையது என்பது கடைசிவரை தீரவில்லை. வாசல் கதவில் ஸ்தாங்காவின் படம் போட்ட சாவு அறிவிப்பு ஒட்டியிருந்தது. முன்னறையில் மூடாத பெட்டியில் அவள் நல்ல ரவிக்கை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். கமென் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றான்.

ராத்கா பெட்டியருகே போனாள். கோட்டுக்குள்ளிருந்து கைக்குட்டையில் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள். ஸ்தாங்காவின் முழங்கையை மெல்லத் தூக்கி, அதற்கும் விலாவுக்கும் நடுவில் செருகினாள்.

"ஸ்தாங்கா, இது என் லூபெனுக்கு. கம்பளிக் காலுறை இருக்கு, சிகரெட் இருக்கு, கொஞ்சம் வால்நட் போட்டிருக்கேன். மறக்காம குடுத்துடு. அம்மா நல்லா இருக்கேன்னு சொல்லு. கமென் இன்னும் கல்யாணம் பண்ணிக்கலைன்னும் சொல்லு."

அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பின்னாலேயே இன்னொருத்தி வந்து ஒரு மூக்குக் கண்ணாடியை வைத்தாள். அவள் புருஷன் கனவில் வந்து பேப்பர் படிக்க முடியவில்லை என்று குறைப்பட்டானாம். ஸ்தாங்காவின் மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா என்ன தபால் வண்டியா? பாவம், முதுகு வலிக்காரி. இத்தனையும் எப்படித் தூக்குவா?" என்றாள்.

கமெனுக்கு இந்தச் சடங்கைப் பார்த்தாலே கூச்சம். லூபென் அவன் அண்ணன். சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன், பிஸ்கே கடலில் ஒரு புயலில் தவறி விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. நீத்தார் நாளில் எல்லாரும் தத்தம் வீட்டுக் கல்லறையில் சிவப்பு ஒயினை ஊற்றி, வேகவைத்த கோதுமையைப் படைக்கும்போது, ராத்கா எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் குப்பியோடு நிற்பாள். தெருவில் யார் செத்தாலும் ஒரு பொட்டலம் கட்டிவிடுவாள். படித்த மகன் ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வான்.

இந்த முறை பார்க்காமல் இருக்க முடியவில்லை. கைக்குட்டை முடிச்சு. வலது முழங்கை. விலா. அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நின்ற இடத்தில் அண்ணனுக்காகவும், பெயர் தெரியாத அந்தக் குட்டைக் கிழவிக்காகவும் சேர்த்து அழுதான். ஸ்தாங்காவை அவன் இவ்வளவு நேசித்தான் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

திசாலா எங்கேயோ தூர தேசத்தில், ரோமாபுரிக்காரனுக்காகச் சண்டை போட்டுச் செத்திருப்பான். கூட இருந்தவன் எவனோ கவசத்தையும் செருப்பையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்திருப்பான். கிழவி தாயோ, அத்தையோ, அடுத்த வீட்டுக்காரியோ. அவள் கண் மூடியதும், போகிற இடத்தில் பயல் வெறுங்காலோடு நிற்பானே என்று யாரோ கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பசித்தால் தின்னக் கொஞ்சம் வால்நட்.

எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் கமெனைப் பயமுறுத்தியது. தளபதிக் கதையும் இப்படித்தானே கச்சிதமாகப் பொருந்தியது?

எவ்தோகியா இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அருங்காட்சியகத்தில் வந்திறங்கினாள். காப்பி வேண்டாம் என்றாள், உட்காரவும் மாட்டேன் என்றாள். கமென் வரைபடங்களை விரித்தான். துணியைச் சொன்னான், செருப்பைச் சொன்னான், பெயரைச் சொன்னான். கடைசியில் தயங்கித் தயங்கிப் பொட்டலத்தையும் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அப்படிக் கேட்டாள் என்றால் நல்லதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

"உங்கம்மா இப்பவும் லூபெனுக்குப் பொட்டலம் கட்டறாளா?" என்றாள்.

"கட்டறாங்க."

"கமென், உன் வலி எனக்குத் தெரியும். ஆனா உன் வீட்டைக் கொண்டுபோய் அந்தக் குழியில புதைக்காதே. நம்ம ஊர்ல இன்னைக்கு ஒண்ணு நடக்குதுன்னா ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியும் அதேதான் நடந்துச்சுன்னு எவன் சொன்னான்? நடுவுல எத்தனை சாமி மாறியிருக்கு, எத்தனை பாஷை மாறியிருக்கு."

"அது எனக்கும் தெரியும் மேடம். அதனாலதான் அதை நிரூபணம்னு சொல்லல."

"அப்போ நிரூபணம் எது? கவசம் கிழவியோட கல்லறையைச் சேர்ந்ததுதான்னு எதை வச்சுச் சொல்றே? மழையில மண்ணைப் பார்த்தியா?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காகிதத்திலும் அப்படித்தான் இருந்தது.

"ஒழுங்கா பார்க்கல மேடம். கவசத்தைத்தான் பார்த்தேன். பார்த்ததா எழுதினது தப்பு."

துணைக்கு வந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்தோகியா கண்ணாடியைக் கழற்றினாள். அந்த நேரத்தில்தான் மூலையிலிருந்து நெவெனா வாயைத் திறந்தாள்.

"அவன் பார்க்கலைன்னாலும் கிழவியோட காப்பு பார்த்திருக்கு. இப்படி வாங்க."

எலும்போடு வந்த வலது கைக் காப்பு உருப்பெருக்கியின் கீழ் இருந்தது. காலையில்தான் அதைக் கழுவாமல் திருப்பிப் பார்த்திருந்தாள் நெவெனா. காப்பின் உட்புறம், விலாப் பக்கமாக இருந்த பகுதியில், விரல் நக அளவுக்குத் துணி ஒட்டியிருந்தது.

"நெய்தவ ஒரு இடத்துல நூலைத் தவற விட்டிருக்கா. ரெண்டு இழை ஒண்ணா ஓடுது. இப்போ கவசத்து மேல இருக்கிற துணியைப் பாருங்க. அதே ரெண்டு இழை, அதே அகலத்துல, விட்ட இடத்துல இருந்து தொடருது. ஒரே துணி. கட்டின மூட்டையைக் கிழவி கைக்குள்ள வச்சப்போ ஒரு முனை காப்புல ஒட்டியிருக்கு. திருடன் குழியிலிருந்து சரிஞ்சு வந்து இப்படி ஒட்ட முடியாது."

எவ்தோகியா குனிந்தாள். இதற்கும் அதற்குமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கமென் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் இருபது ஆண்டுகளும் என்றோ ஒருத்தி தறியில் விட்ட பிழையில் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஒண்ணாத்தான் போயிருக்கு," என்றாள் எவ்தோகியா கடைசியில். "கல்லறை கலையல. ஏத்துக்கறேன். மண்ணைப் பார்க்காம பார்த்தேன்னு எழுதின பக்கத்தை நீயே உன் கையால அடிச்சு, கீழ கையெழுத்துப் போடு. அடுத்த வருஷம் நான் வந்து குழியில உக்காந்திருப்பேன், பார்த்துக்கோ."

"பொட்டலம்னு எழுதலாமா மேடம்?"

"எழுது. பக்கத்துல கேள்விக்குறி போடு." கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள், "பெருசா போடு."

கமென் வெளியே போய்ப் பாலாடைக்கட்டி அடைத்த பனித்சா என்ற பலகாரம் இரண்டை வாங்கி, படிக்கட்டில் உட்கார்ந்து தின்றான். காலையிலிருந்து அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. பிழைத்துவிட்டோம் என்ற நினைப்பில் மூன்றாவதும் வாங்கினான்.

திறப்பு விழாவில் கவசம் பளபளவென்று மின்னவில்லை. துணியோடு, களிம்போடு, பச்சை நிற மூட்டையாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஸ்வெட்லினுக்கு முகம் சுண்டிவிட்டது. பக்கத்தில் அட்டையில் கமென் எழுதியிருந்தான். 'வயதான ஒரு பெண்ணின் கல்லறையில் கிடைத்தது. கவசமும் உள்ளே உள்ள செருப்பும் அவளுடையவை அல்ல. தனக்கு முன்பே இறந்த ஒருவனிடம் சேர்ப்பதற்காக அவளிடம் கொடுத்தனுப்பிய பொருட்களாக இருக்கலாம்?' ஆட்கள் கண்ணாடியைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். ஒருவரும் தளபதியம்மா என்று சொல்லவில்லை. காப்பிக்கடைக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கமெனுக்குப் பெருமையாக இருந்தது. இருக்கக் கூடாதா என்ன?

ராத்கா நல்ல கோட்டும் முத்துமாலையுமாக வந்திருந்தாள். மகன் தோண்டியதைப் பார்க்க இதுவரை அவள் வந்ததில்லை. அட்டையில் மூக்கு இடிக்கிற மாதிரி நெருங்கி நின்று, உதடு அசையப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"கேள்விக்குறி எதுக்குடா?"

"நிச்சயமா தெரியாதும்மா. அதான்."

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு? பயலுக்குச் செருப்பு அனுப்பியிருக்காங்க." கண்ணாடிமேல் விரல் வைத்து அந்த மூட்டையைக் காட்டினாள். "இங்கதானே இருக்கு?"

"ஆமா."

"அப்போ அவ குடுக்கலயா?"

கமென் சிரிக்கப் பார்த்தான். "அம்மா, அது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி…"

"கைக்குள்ளயே வச்சிருந்திருக்கா, பாவம். அவ்வளவு தூரம் விடாம வச்சிருந்தவகிட்ட நீ வழியில பிடுங்கிட்டே."

குரலில் கோபம் இல்லை. பால் பொங்கிவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். கமெனிடம் இதற்கு எத்தனையோ பதில்கள் இருந்தன. நாங்கள் தோண்டாவிட்டால் திருடன் தோண்டியிருப்பான், அவளை இன்று நாலு பேருக்குத் தெரிந்ததே எங்களால்தான், இப்படித் தோண்ட வருகிற மாணவர்களுக்குச் சொல்கிற பதில்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். எவ்தோகியாவிடம் தான் எதை நம்பச் சொல்லி வாதாடினானோ, அதை முழுசாக நம்பிய ஒரே ஆள் இவள்தான்.

ராத்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வயதானவர்களின் பிடி அது, விழாமலிருக்கப் பிடிப்பது.

"நான் போறப்போ என் பெட்டியில எதையும் வைக்காதே. தெருவுல எவ எதைக் கொண்டாந்து குடுத்தாலும் வாங்கி வைக்க விடாதே. என்னைக்காவது உன்னை மாதிரி ஒரு படிச்சவன் வந்து தோண்டுவான். நான் வெறுங்கையோட போறேன். லூபெனுக்குச் சொல்ல வேண்டியதை வாயால சொல்லிக்கிறேன்."

"சரிம்மா," என்றான் கமென்.

அவள் குளிர்கிறது என்றாள். அவன் சால்வையை எடுத்துவரப் போனான்.